முப்பதாயிரம் இலைகளும் ஓர் ஊறுகாய் மூடியும்

சர்வர் அறைக்குள் நுழைந்ததும் இடது பக்கம் இரண்டாவது ரேக். அதில் முழங்கால் உயரத்தில் ஒரு பவர் பட்டன். அதன்மேல் ஊறுகாய் பாட்டில் மூடி ஒன்றைக் கவிழ்த்து, கறுப்பு டேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறோம். போன மாதம் உங்களையெல்லாம் பார்க்க ஸ்ரீ கெம்பாங்கான் ஆபீஸுக்கு வந்திருந்தபோது உங்களில் ஒருவர் அதைப் பிய்த்துக் குப்பையில் போடப் போனார். பெயரைச் சொல்லி மானத்தை வாங்க மாட்டேன். "அசிங்கமா இருக்குக்கா, ஆடிட் ஆளுங்க பாத்தா என்ன நினைப்பாங்க?" என்றார். ஆடிட் ஆட்கள் என்ன வேண்டுமானாலும் நினைக்கட்டும். மூடி அங்கேயே இருக்க வேண்டும். ஏன் என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பெருமையாகத்தான் எழுதப் போகிறேன். இருபத்தெட்டு வருடம் இந்தத் தொழிலில் இருந்தவள் நான். காப்பாரில் பிறந்து, கிள்ளானில் வாழ்க்கைப்பட்டு, தினமும் கோமுட்டர் ரயிலில் நின்றுகொண்டே வந்து, அந்தக் குளிர் அறையில் டிஸ்க்குகளோடு மல்லுக்கட்டியவள். இந்த வயதில் தன்னடக்கத்தோடு பேசு என்றால் எனக்கு வராது. ஆனால் நான் எதற்குப் பெருமைப்படுகிறேன் என்று நீங்கள் ஊகிப்பது தப்பாகத்தான் இருக்கும்.

நம் கம்பெனி சர்வர் பார்த்துக்கொள்ளும் கல்லூரியில் மாணவர்களின் வேலையெல்லாம் முன்பு ஒரே பெரிய கிடங்கு மாதிரியான ஃபைல்சிஸ்டத்தில்தான் கிடந்தது. ஒருத்தன் படங்களையும் விளையாட்டுகளையும் கொண்டுவந்து கொட்டினால் மற்ற எல்லாருக்கும் இடம் போய்விடும். ஒருத்தி தெரியாமல் எதையாவது அழித்துவிட்டால், அந்த ஒரு ஃபைலுக்காக மொத்தத்தையும் கிளற வேண்டும். அப்போதுதான் நான் சொன்னேன், ஆளுக்கொரு தனி ஃபைல்சிஸ்டம் கொடுப்போம் என்று. ஆளுக்குத் தனி அளவு, தனி நகல், தனிப் பூட்டு. ஒருவர் வீட்டில் சாக்கடை அடைத்தால் பக்கத்து வீட்டுக்கு நாறாது. எல்லாரும் கைதட்டினார்கள். நானும் வெட்கமே இல்லாமல் அந்தக் கைதட்டலை வாங்கிக்கொண்டேன்.

ஆரம்பத்திலேயே ஒரு கூத்து நடந்தது. மாணவர் பெயரை அடையாள அட்டையில் இருக்கிறபடியே போட்டு ஃபைல்சிஸ்டம் உருவாக்கச் சொல்லி ஒரு சின்ன நிரல் எழுதினேன். சீனப் பிள்ளைகளுக்கும் மலாய்ப் பிள்ளைகளுக்கும் ஒழுங்காக வந்தது. நம் பிள்ளைகளுக்கு மட்டும் ஆளுக்கு இரண்டாக வந்து நின்றது. நம் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே மகன், மகள் என்று காட்ட ஏ/எல், ஏ/பி போட்டு ஒரு சாய்ந்த கோடு இருக்கிறதே, அதைச் சர்வர் வீட்டுக்குள் இன்னொரு வீடு என்று எடுத்துக்கொண்டது. பிள்ளை முன்கட்டில், அப்பா பின்கட்டில். ஒரு தமிழச்சி எழுதிய நிரலில் தமிழர் பெயர் மட்டும் உடைந்தது என்று ஆபீஸே சிரித்தது. அதைச் சரிசெய்ய எனக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. தெரியாமல் செய்த தப்பு அப்படித்தான், சிரித்துவிட்டுத் திருத்திவிடலாம். நான் சொல்ல வந்தது அந்த வகைத் தப்பு இல்லை.

இசக்கியை உங்களுக்குத் தெரியும். இப்போது நீங்கள் எழுந்து நின்று "சார்" என்று கூப்பிடும் அதே இசக்கிதான். அப்போது வேலை பெர்மிட்டில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இரண்டு வருடம்கூட ஆகாத இன்ஜினியர். என்னைவிடப் பதினெட்டு வயது இளையவன். பிரிக்பீல்ட்ஸில் மூன்று பேரோடு ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டு இருந்தான். வந்த முதல் நாள் என்னை "மேடம்" என்றான். "இன்னொரு தடவ மேடம்னு சொன்னே, தரைக்கடியில பூந்து கேபிள் இழுக்க விட்டுருவேன்" என்றேன். அன்றிலிருந்து அக்கா. வேலையில் படு கெட்டி. ஒரே ஒரு கெட்ட பழக்கம், எதையும் ஒரு தடவை சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் நம்புவான். அப்போது அது எனக்குக் கெட்ட பழக்கமாகத் தெரிந்தது.

அந்த நேரத்தில் ஃபைல்சிஸ்டம்கள் முப்பதாயிரத்தைத் தாண்டியிருந்தன. ஒவ்வொரு செமஸ்டரும் புதியவர்களுக்குச் சேர்த்துக்கொண்டே போனோம். படித்து முடித்துப் போனவர்களுடையதையும் அழிக்க மனம் வராமல் வைத்திருந்தோம். சர்வரை இரண்டு வருடமாக ஒரு தடவைகூட நிறுத்தவில்லை. அது எனக்கு எத்தனை பெருமை என்று கேட்கிறீர்களா? இரண்டாம் வருடம் முடிந்த அன்று கேக் வாங்கி வந்து ரேக்குக்கு முன்னால் வைத்து வெட்டினேன். கடைசியாக அதை நிறுத்தி ஆரம்பித்தபோது உள்ளே சில நூறு ஃபைல்சிஸ்டம்கள்தான் இருந்தன. பத்து நிமிடத்தில் எழுந்துவிட்டது. அந்தப் பத்து நிமிடம் என் மண்டையில் அப்படியே உட்கார்ந்துவிட்டது.

பிறகு பாதுகாப்பு ஓட்டை ஒன்றை அடைக்க ஒரு பேட்ச் வந்தது. அந்த வாரத்துக்குள் போட்டே ஆக வேண்டும் என்று உத்தரவு. போட்டால் சர்வரை நிறுத்தி மறுபடி ஆரம்பிக்க வேண்டும். வியாழக்கிழமை காலை எட்டு மணி என்று நான் முடிவு செய்தேன். அன்று மாலை ஐந்து மணிதான் இறுதியாண்டு மாணவர்கள் ப்ராஜெக்ட்டைச் சமர்ப்பிக்கக் கடைசி நேரம் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் வைத்தேன்.

சர்வரில் எதைத் தொட்டாலும் வழக்கம்போல மாற்றப் பாரம் நிரப்ப வேண்டும். இசக்கி நிரப்பினான். 'முன்பே சோதிக்கப்பட்டதா?' என்ற இடத்தில் அவன் பேனா நின்றது.

"அக்கா, முப்பதாயிரத்தையும் ஒவ்வொன்னா தொறந்து தான எந்திரிக்கும்? ஒருக்கா டெஸ்ட் மெஷின்ல போட்டுப் பாத்துருவமா? ரெண்டு நாளு போதும்க்கா."

"ரெண்டு நாளு யாருகிட்ட இருக்கு லா? பத்து நிமிஷத்துல வந்துரும். ஸ்டூடன்ஸ் எல்லாம் பத்து மணிக்கு முன்னால கண்ணே தொறக்க மாட்டாங்க. குடு இங்க."

அவன் அந்த இடத்தில் 'இல்லை, சோதித்த பிறகு செய்வது நல்லது' என்று எழுதியிருந்தான். அதற்குக் கீழே நான் என் கையால், 'தேவையில்லை. பத்து நிமிடம் போதும்' என்று எழுதிச் சுருக்கொப்பமும் போட்டேன். ஒப்புதல் கொடுக்கும் அதிகாரம் என்னிடம் இருந்ததால் அந்தப் பாரம் எங்கள் அறையைத் தாண்டி வேறு யாரிடமும் போகவில்லை.

வியாழன் எட்டு மணிக்கு இசக்கி கட்டளையைக் கொடுத்தான். சர்வர் அழகாக நின்றது, அழகாக எழுந்தது, பிறகு திரையில் ஓர் எண் வந்தது. இத்தனையில் இத்தனை திறந்தாயிற்று என்று காட்டும் எண். பத்து நிமிடத்தில் அது நானூறைத் தொட்டது. முப்பதாயிரத்தில் நானூறு. மனக்கணக்கு போடுவதற்கே பயமாக இருந்தது. போட்டேன். இந்த வேகத்தில் போனால் இரவு எட்டரைக்கு முன்னால் முடியாது. அதுவும் பெயர் வரிசையில் திறக்கிறது. ஏ, பி, சி என்று தொடங்கும் பெயர்க்காரர்கள் பிழைத்தார்கள். வி, ஒய், இஸட் எல்லாம் ஐந்து மணிக்குக் கதவுக்கு வெளியேதான்.

எட்டரைக்கெல்லாம் போன் அடிக்க ஆரம்பித்தது. முதலில் வந்தது ஜெஞ்சாரோமிலிருந்து விக்னேஸ்வரி என்ற இறுதியாண்டு மாணவி. பத்து மணிக்கு முன்னால் கண் திறக்காத கூட்டத்தில் இவளைச் சேர்க்க மறந்திருந்தேன். "அக்கா, என் ஃபைலு எதுவுமே காணோம்க்கா. எல்லாம் அங்கதான் இருக்கு. வேற காப்பி இல்ல" என்றாள். "எதுவும் போகலம்மா, எல்லாம் பத்திரமா இருக்கு. கொஞ்ச நேரம் கழிச்சு அடி" என்றேன். பத்திரமாக இருந்தது உண்மை. கொஞ்ச நேரம் என்பதுதான் பொய்.

ஒன்பது மணிக்கு மேலாளர் தேவா வந்தார். கிள்ளான்காரர்தான், நல்ல மனிதர்தான், ஆனால் கல்லூரி இயக்குநர் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை போன் அடித்தால் நல்ல மனிதரும் நல்ல மனிதராக இருக்க முடியாது. நேரத்தை நீட்டிக்க முடியுமா என்று கேட்டுப் பார்த்திருக்கிறார். வெளித் தேர்வாளர்கள் மறுநாள் காலையே பார்க்கத் தொடங்குகிறார்கள், ஒரு நிமிடம்கூடக் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

"யாரு இத ரீஸ்டார்ட் பண்ணது?"

"நான்தான் சார்" என்றான் இசக்கி.

"இன்னிக்கு என்னா நாளுன்னு தெரியுமா உனக்கு? டெஸ்ட் பண்ணியா?"

"இல்ல சார்."

தேவாவின் முகம் சிவந்தது. "உன் பெர்மிட் ரினியூவல் பேப்பர் என் மேசையில இருக்கு, தெரியும்ல? நாளைக்குக் கடைசி நாளு. அஞ்சு மணிக்குள்ள இது சரியாகலன்னா நான் சைன் பண்ண மாட்டேன். ஊருக்கு டிக்கெட் போட்டுக்க."

இசக்கி மறுபடி திரைப் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். பத்து நிமிடம் என்று எழுதியது நான், சோதனை வேண்டாம் என்று தட்டிவிட்டது நான், வியாழக்கிழமையைத் தேர்ந்தெடுத்தது நான். வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. இருபது வருடத்துக்கும் மேல் சேர்த்து வைத்த பெயர், போன மாதம்தான் வெட்டிய கேக், எல்லாம் முன்னால் வந்து நின்றன. முதலில் சரிசெய்வோம், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். தேவா போனைக் காதில் வைத்தபடி வெளியே போய்விட்டார்.

அடுத்து நடந்ததைத்தான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். அந்த இரண்டரை மணி நேரம் நான் ஒரு வேலையும் உருப்படியாகச் செய்யவில்லை. கைகள் மட்டும் ஓயாமல் இயங்கின. அந்தக் கேபிளைப் பார், இந்த லாக் பதிவைப் பார் என்று இசக்கியை அங்குமிங்கும் விரட்டினேன். அவன் இரண்டு தடவை, "அக்கா, ஒன்னு சொல்லவா?" என்றான். இரண்டு தடவையும், "இரு லா, அப்புறம் சொல்லு" என்று வெட்டிவிட்டேன். அவன் முகத்தைப் பார்க்க முடியாததால் அவன் சொல்வதையும் கேட்க முடியவில்லை. தன் தப்பைப் பதுக்கி வைத்திருப்பவள் கண்ணுக்கு எதிரே நிற்பவன் கையிலிருக்கும் தீர்வும் தெரியாது. இதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் உங்களுக்குச் சொல்லித்தர மாட்டார்கள்.

பதினொன்றரைக்குத் தேவா திரும்பி வந்தார். திரையைப் பார்த்தார். எண் எட்டாயிரத்துக்குப் பக்கத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. ஏறுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நின்று யோசித்தது.

"இது ஹேங் ஆயிருச்சு லா சரோ. பாத்தாலே தெரியுதே. ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க."

"ஹேங் ஆகல பாஸ், மெதுவா போகுது" என்றேன்.

"மூணரை மணி நேரமா மெதுவா போகுதா? எங்க வீட்டு கம்ப்யூட்டர்கூட ஒரு தடவ ஆஃப் பண்ணா சரியாயிரும்." சொல்லிக்கொண்டே குனிந்தார். அவர் விரல் பட்டனுக்குப் போவதற்குள் நான் உட்கார்ந்து என் உள்ளங்கையால் அதை மூடிவிட்டேன். அவருடைய விரல் என் புறங்கையில் இடித்தது. ஒரு மேலாளரும் ஒரு மூத்த பெண்மணியும் ரேக்குக்கு முன்னால் குந்திக்கொண்டு முறைத்துக்கொண்ட அந்தக் காட்சியை இசக்கி இன்றைக்கும் நடித்துக் காட்டுவான்.

"பாஸ், இத அமுக்கினா மறுபடி ஒன்னுல இருந்து எண்ணும். இப்ப எட்டாயிரம் பேருக்காவது கதவு தொறந்திருக்கு. அமுக்கினா அதுவும் போச்சு. கைய எடுங்க."

அவர் கையை எடுத்தார். ஆனால் கோபம் போகவில்லை, திரும்பி இசக்கி மேல் பாய்ந்தது. "நீ வெளிய போய் ரிசப்ஷன்ல உக்காரு. இந்த ரூமுக்குள்ள இனிமே நீ வரக்கூடாது. சர்வர் வித்த வெண்டர் ஆளக் கூப்புடுறேன்."

இசக்கி மேசையிலிருந்த தன் சாப்பாட்டுப் பையை எடுத்தான். அவன் கதவைத் தாண்டினால் மறுநாள் கையெழுத்துக் கிடைக்காது, அடுத்த வாரம் விமானத்தில் இருப்பான் என்பது மூன்று பேருக்கும் தெரியும். நான் இன்னும் தரையில் குந்தியபடிதான் இருந்தேன். உள்ளங்கை இன்னும் பட்டன் மேலேயே இருந்தது.

"பாஸ், அவன வெளிய அனுப்பாதீங்க. டெஸ்ட் பண்ணணும்னு அவன் கேட்டான். வேணாம்னு சொன்னது நான். பத்து நிமிஷம்னு கணக்கு சொன்னதும் நான்தான். இன்னிக்கின்னு நாள் குறிச்சதும் நான். அவன் நான் சொன்னத செஞ்சான், அவ்வளவுதான்."

தேவா என்னையே பார்த்தார். "அப்ப ரிப்போர்ட்ல யாரு பேர எழுதட்டும்?"

"என் பேர எழுதுங்க."

"இத காலையிலேயே சொல்லியிருக்கலாமே சரோ."

"சொல்லியிருக்கணும் பாஸ். பயம்."

அவர் பெருமூச்சு விட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்து நிற்க இசக்கி கை கொடுத்தான். அப்போதுதான் அன்று காலையிலிருந்து முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்தேன். "காலையில இருந்து என்னமோ சொல்ல வந்தியே, என்னா அது?" என்று கேட்டேன்.

"அக்கா, போன சனிக்கிழமை இலைக்கடையில பாத்தமே, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து ரயில் மாறும்போது, பிரிக்பீல்ட்ஸில் இறங்கி வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுப் போவது எங்கள் வழக்கம். அன்று கடையில் புதிதாகச் சேர்ந்த ஆள் ஒருவர், கூட்டம் வருவதற்கு முன்பே எல்லா மேசையிலும் இலையைப் போட்டு, தண்ணீரும் தெளித்து வைத்துவிட்டார். மின்விசிறிக் காற்றில் பாதி இலை பறந்தது, மீதி வாடிப்போனது. அந்த இலைகளைப் பொறுக்கி முடிப்பதற்குள் வாசலில் வரிசை நின்றுவிட்டது. கல்லாவிலிருந்த ஆன்டி போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. "ஆளு உக்காரட்டும்யா, அப்புறம் இலையப் போடு! வராதவனுக்கெல்லாம் எதுக்கு இல?"

"நாமளும் அதத்தான் செஞ்சுக்கிட்டு இருக்கோம்க்கா" என்றான் இசக்கி. "முப்பதாயிரம் இலையப் போட்டுட்டுத்தான் கடையத் தொறப்பேன்னு உக்காந்திருக்கு இது. இதுல பாதிப் பேரு படிச்சு முடிச்சுப் போயாச்சு. இன்னிக்கு சாப்பிட வாரவங்க கடைசி வருசப் பிள்ளைங்க மட்டும்தான. எண்ணுறத நிறுத்திருவோம். யாரு உள்ள வாராங்களோ, அவங்க லாகின் பண்ணும்போது அவங்களோடத மட்டும் தொறந்து விடுவோம். ஒரு ஆளுக்கு ரெண்டு செகண்டுகூட ஆகாது."

தேவா, "வேலை செய்யுமா?" என்றார்.

"செய்யணும் சார். ஆனா டெஸ்ட் பண்ணல" என்றான் இசக்கி. அந்த நிலைமையிலும் அவன் அதைச் சொல்லத் தவறவில்லை.

எண்ணுவதை நிறுத்திவிட்டு இது வேலை செய்யாமல் போனால், மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். திறந்திருக்கும் எட்டாயிரமும் போய்விடும். ஐந்து மணிக்குள் பாதிப் பேர்கூடச் சமர்ப்பிக்க முடியாது. நிறுத்தாமல் விட்டால் பாதிக்கு மேற்பட்ட பெயர்கள் பிழைக்கும், விக்னேஸ்வரி மாதிரி ஆயிரக்கணக்கானவர்கள் நிச்சயம் தவறுவார்கள். தேவா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ தடவை அந்த மாதிரி முடிவு எடுத்திருக்கிறேன், ஆனால் மனதில் எதையும் மறைக்காமல் எடுத்த முடிவு அதுதான். மண்டை அத்தனை தெளிவாக இருந்தது.

"கிள்ளான்காரிக்கும் பிரிக்பீல்ட்ஸ்காரனுக்கும் சேர்த்து சாமிய வேண்டிக்க" என்றேன். "எழுது. ஆனா நிறுத்துறதுக்கு முன்னால ஒரே ஒரு ஆள வெச்சு டெஸ்ட் பண்ணிருவோம்."

அவன் முகத்தில் அன்று முதன்முதலாக ஒரு சிரிப்பு வந்தது. உட்கார்ந்து எழுதினான். நான் வரி வரியாகப் பின்னால் நின்று படித்தேன். இரண்டு இடத்தில் திருத்தினேன், ஓர் இடத்தில் அவன் என்னைத் திருத்தினான். ஒரு மணிக்கு முடிந்தது. விக்னேஸ்வரியைக் கூப்பிட்டேன். ஏழாவது தடவையாக அடிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாளாம்.

"இப்ப உள்ள போய்ப் பாரும்மா. போனை வெக்காத."

விசைப்பலகைச் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அந்த இரண்டு செகண்ட் எனக்கு எவ்வளவு நீளம் என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு, "அக்கா! வந்துருச்சுக்கா! எல்லாம் இருக்குக்கா!" என்று கத்தினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தேவா பக்கத்தில் இருக்கிறார் என்றுகூடப் பார்க்காமல் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"நிறுத்து" என்றேன். இசக்கி எண்ணுவதை நிறுத்தினான். ஏற்கெனவே திறந்தவை திறந்தபடியே இருந்தன. தேவா கல்லூரிக்குப் போன் போட்டு, எல்லாரையும் உள்ளே வரச் சொல்லுங்கள் என்றார். மதியம் முழுக்க ஒவ்வொருவராக வந்தார்கள், வந்தவருக்கு வந்தவுடன் கதவு திறந்தது. நான்கு மணிக்கு மாணவர்கள் போன் அடிப்பது நின்றது. நாலரைக்கு இயக்குநரே அடிப்பதை நிறுத்தினார். ஐந்து மணிக்குக் கல்லூரியிலிருந்து ஒரே வரியில் செய்தி வந்தது. சர்வரால் சமர்ப்பிக்க முடியவில்லை என்று ஒரு புகாரும் இல்லை.

தேவா எழுந்து தன் அறைக்குப் போனார். ஒரு காகிதத்தோடு திரும்பி வந்தார். அதை ரேக்கின் பக்கவாட்டில் வைத்து, நின்றபடியே கையெழுத்துப் போட்டு இசக்கியிடம் நீட்டினார். "காலையில கொஞ்சம் ஓவரா பேசிட்டேன், தம்பி" என்றார். பிறகு என்னிடம் திரும்பி, "சரோ, உங்களுக்கு வார்னிங் லெட்டர் வரும். எனக்கு வேற வழி இல்ல" என்றார். "குடுங்க பாஸ்" என்றேன். மனதார வாங்கிக்கொண்டேன்.

அன்றிலிருந்து நமது சர்வரில் யாருக்கும் முன்கூட்டியே கதவு திறப்பதில்லை. தட்டுபவருக்கு மட்டும்தான். இப்போது எண்ணிக்கை அதைப்போல இரண்டு மடங்கு. நிறுத்தினால் நிஜமாகவே சில நிமிடங்களில் எழுந்துவிடுகிறது. ஆனாலும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வேண்டுமென்றே நிறுத்தி ஆரம்பித்து நேரத்தைக் குறித்து வைக்கிறீர்களே, அது ஏன் என்று இப்போது தெரிந்திருக்கும். ஓடிக்கொண்டே இருக்கும் சர்வரைப் பார்த்துக் கேக் வெட்டாதீர்கள். எழுந்து வரத் தெரிந்த சர்வருக்கு வெட்டுங்கள், நானும் வந்து சாப்பிடுகிறேன்.

அன்று மாலை தேவா போன பிறகு நாங்கள் இருவரும்தான் அறையில் இருந்தோம். இசக்கி அப்போதுதான் மதியச் சாப்பாட்டைப் பிரித்தான். ஊரிலிருந்து அவன் அம்மா கொடுத்தனுப்பிய ஊறுகாய் பாட்டில் அன்றோடு காலி. வழித்துத் தின்றுவிட்டு அதன் மூடியைக் கழுவித் துடைத்தான். நான் காலையில் கையால் மூடியிருந்த பட்டன் மேல் கவிழ்த்து டேப் போட்டான். "எப்பவும் உங்க கை இங்க இருக்க முடியாதுல்லா" என்றான். உங்களில் ஒருவர் பிய்க்கப் போனது அதைத்தான்.

பிறகு சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த காகிதம் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தான். பிரித்துப் பார்த்தேன். அந்த மாற்றப் பாரம். 'தேவையில்லை. பத்து நிமிடம் போதும்.' என் கையெழுத்து, என் சுருக்கொப்பம். தேவா டிக்கெட் போட்டுக்கொள்ளச் சொன்னபோதும், வெளியே போ என்று விரட்டியபோதும் அது அவன் பையில்தான் இருந்திருக்கிறது. எடுத்து நீட்டியிருந்தால் அந்த நிமிடமே தப்பித்திருப்பான்.

"இத கிழிச்சுப் போட்டுருங்கக்கா" என்றான்.

கிழிக்கவில்லை. நானே அதை என் அறிக்கையோடு சேர்த்துப் பின் அடித்துக் கொடுத்தேன். ஒரு நகலும், அடுத்த வாரம் வந்த எச்சரிக்கைக் கடிதமும் என்னிடம் இருக்கின்றன. ஓய்வு பெற்ற அன்று ஆபீஸிலிருந்து நான் வீட்டுக்கு எடுத்து வந்த காகிதங்கள் அந்த இரண்டும்தான். பாராட்டுச் சான்றிதழ்கள் எல்லாம் அங்கேயே ஏதோ ஓர் இழுப்பறையில் கிடக்கும், தேடினால் கிடைக்கும்.

"ஏன்டா காட்டல?" என்று அன்று அவனைக் கேட்டேன்.

"நீங்களே சொல்லிருவியன்னு எனக்குத் தெரியும்க்கா" என்றான் இசக்கி. மூடியின் டேப்பை விரலால் ஒரு தடவை அழுத்திவிட்டு, "என்ன, பத்து நிமிசத்துல சொல்லிருவியன்னு நெனச்சேன்" என்றான்.